ஹர்த்தால் அன்று வந்த மணமகள்

கல்யாண வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் ஓய்வுபெற்ற அன்று, கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது, உங்களில் ஒருத்தி கேட்டாள்: “சேச்சி, இத்தனை வருஷத்துல உங்களுக்குக் கை கால் நடுங்கின கல்யாணம் எது?” சுற்றி எல்லோரும் நின்றதால் சிரித்து மழுப்பிவிட்டேன். நடுங்கியது உண்டு. அதுவும் என் தவறால் நடுங்கியது. அதை நின்ற நிலையில் சொல்ல முடியாது. இப்போது நிதானமாகச் சொல்கிறேன். உங்களில் பாதிப் பேர் தேனியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த அப்பா வீட்டில் சொல்லித் தந்த தமிழ்தான் இது. ஒற்றுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. போர்ட் கொச்சியில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு பழைய ஹோட்டலில் இருந்தேன். அறை துடைக்கப் போனவள், வரவேற்பு மேசைக்கு வந்து, அங்கிருந்து விருந்துகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்திருந்தேன். வெளிநாட்டு ஜோடி நம் ஊருக்கு வந்து கல்யாணம் செய்வது அப்போது புதிது. நாடகத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல ஊர் அவர்களைப் பார்க்கும். அப்படி ஒரு கல்யாணம் முழுக்க முழுக்க என் கையில் வந்தது அதுதான் முதல் தடவை.

மணமகள் பெயர் கிர்ஸ்டி. வடக்குக் கடலில் இருக்கும் ஒரு தீவுக்காரி. தீவுகளுக்கு இடையே ஆட்களை ஏற்றிப் போகும் படகில் அவளுக்கு வேலை. கயிறு பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருக்கும். மணமகன் மார்ட்டின், அதிகம் பேசாத மனிதர். சட்டப்படி பதிவு செய்வதை ஊரிலேயே முடித்துவிட்டார்கள். உறவும் நட்பும் சூழ நின்று உறுதிமொழி சொல்லும் சடங்கைத்தான் இங்கே வைத்தார்கள். அதை நடத்தி வைக்கப்போவது கிர்ஸ்டியின் அப்பா. பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, சக்கர நாற்காலியில் இருந்தார்.

ஏன் இவ்வளவு தூரம் என்று நான் கேட்டதற்கு கிர்ஸ்டி முதல் கடிதத்திலேயே பதில் எழுதியிருந்தாள். “எங்கள் ஊரில் ஜனவரியில் மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடும். அப்பா வாதம் வந்ததிலிருந்து ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்து வெயிலுக்குக் காத்திருக்கிறார். எனக்குப் பூ அலங்காரம் எல்லாம் முக்கியமில்லை. வெயில் வேண்டும்.” இன்னொன்றும் எழுதியிருந்தாள். “தயவுசெய்து எங்களுக்குப் பட்டும் தலைப்பாகையும் கட்டிவிட வேண்டாம். வேஷம் போட நாங்கள் வரவில்லை.”

இரண்டையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் வைத்திருந்த ஒரு பழைய பண்டகசாலையின் பின்முற்றத்தைப் பிடித்தேன். முன்வாசல் பஜார் தெருவில், பின்வாசல் நேரே காயலில் இறங்கும் கல்படிகளில். முற்றம் முழுக்க வெளிச்சம். எங்கள் ஹோட்டலில் மரப்படி மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. அதனால் கிர்ஸ்டியையும் அவள் அப்பாவையும் உறவினர்களையும், மொத்தம் இருபத்தேழு பேரை, வெலிங்டன் தீவில் லிஃப்ட் இருந்த ஒரு ஹோட்டலில் தங்கவைத்தேன். மார்ட்டினும் அவர் நண்பர்களும் எங்களிடம். கல்யாணத்தன்று மதியம் ஒரு பெரிய வேன் தீவுக்குப் போய் அவர்களை அழைத்து, பாலம் சுற்றி மட்டாஞ்சேரி வரும். நான்கு மணிக்குச் சடங்கு. எல்லாம் கச்சிதம்.

முந்தின நாள் மாலை ஏழு மணிச் செய்தியில் சொன்னார்கள்: நாளை ஹர்த்தால். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, இதற்குள் நீங்களும் நாலைந்து பார்த்திருப்பீர்கள். கடை இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. அரசுப் படகும் ஓடாது. ஓடினால் கல் வரும். பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, விவாகம் இவற்றுக்கு மட்டும் விலக்கு என்று அறிவிப்பிலேயே சொல்வார்கள். அந்த விலக்கை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

எங்கள் மேனேஜர் பெரிய அனுபவசாலி. நான் தொழில் கற்றது அவரிடம். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு விதி: “கெட்ட செய்தி விருந்தாளி காதுக்குப் போகக்கூடாது. அதைத் தீர்த்துட்டு, தீர்ந்ததைத்தான் சொல்லணும்.” குழாய் உடைந்தால், சமையல்காரர் வராவிட்டால், மின்சாரம் போனால், இந்த விதி தங்கம். அன்று இரவு உணவுக்கு கிர்ஸ்டியும் மார்ட்டினும் எங்கள் ஹோட்டலுக்கு வந்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஹர்த்தால் என்று சொன்னது கிர்ஸ்டி காதில் விழுந்துவிட்டது.

“அது என்ன?” என்று கேட்டாள்.

“சின்ன வேலைநிறுத்தம். இங்கே அடிக்கடி நடக்கும். கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.”

என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையசைத்தாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் அது பொய்தான்.

பிறகு நான் ஓடிய ஓட்டத்தை இன்று நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. ஆறு மணிக்கு முன்னால் பூ வந்தது, மீன் வந்தது, ஐஸ் வந்தது, நாற்காலி வந்தது, சமையல்காரர்கள் பண்டகசாலைக்குள் வந்து படுத்துக்கொண்டார்கள். விடிந்தபோது ஒரு சாமான் பாக்கியில்லை. சாயா குடித்துக்கொண்டே என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாமான்களை எல்லாம் யோசித்தவள் மனிதர்களை யோசிக்கவில்லை. வேன் கண்ணாடியில் ‘விவாகம்’ என்று பெரிதாக எழுதிய தாளை ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். வேன் ஓட்டும் பைஜு, எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே பத்தரைக்குக் கிளம்பினான். பதினொன்றரைக்கு வியர்த்து வழிய நடந்து வந்து என் முன்னால் நின்றான். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது.

“சேச்சி, பாலத்துக்கு இப்பறமே நிறுத்திட்டாங்க. யாரு கல்யாணம்னு கேட்டாங்க. வெள்ளைக்காரங்க, சாயிப்பு மதாம்மை கல்யாணம்னேன். ‘ஓ, சாயிப்புக்கு டூர் போக இதுவும் ஒரு வழியா’ன்னு சிரிச்சுட்டு, ரெண்டு டயர்ல காத்தை எறக்கி விட்டுட்டாங்க.”

“உன்னை அடிச்சாங்களா?”

“இல்ல. சட்டையைப் பிடிச்சாங்க. வண்டி அங்கேயேதான் நிக்குது.”

அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் ஆலுவாவில் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். “ஆறு மணிக்கு மேல வெச்சுக்கோ செல்வி. விளக்குப் போட்டா இன்னும் அழகா இருக்கும். அதைத் தீர்மானிச்சுட்டு அவங்ககிட்ட சொல்லு” என்றார். பாதுகாப்பான யோசனை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. வெயிலுக்காக ஏழு கடல் தாண்டி வந்தவர்களுக்கு நான் குழல்விளக்கு போட்டுக் கொடுப்பதா?

அவரோடு பேசி முடித்த உடனே போன் அடித்தது. கிர்ஸ்டி.

“செல்வி, என் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. இன்று எந்தக் காரும் போகாது என்று இங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?”

“உண்மை.”

“நேற்று இரவே உனக்குத் தெரியுமா?”

தம்பிகளே, தங்கைகளே, அந்த இடத்தில் நூறு பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. இவ்வளவு மோசமாக இருக்கும் என்று தெரியாது, போலீஸ் உதவுவதாகச் சொன்னார்கள், டிரைவர் ஏமாற்றிவிட்டான் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பைஜு எதிரே உட்கார்ந்து அறுந்த பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தான்.

“தெரியும்” என்றேன். “உங்கள் நிம்மதி கெடக்கூடாது என்று மறைத்தேன். வேன் அனுப்பினேன். தடுத்துவிட்டார்கள். இப்போது என்னிடம் வண்டி இல்லை.”

அவள் குரல் உயர்ந்தது. “நான் படகில் வேலை பார்ப்பவள். புயல் வருகிறதென்று முந்தின நாள் தெரிந்தால் பயணிகளிடம் சொல்லுவேன். வருவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. என் முடிவு இல்லை. நேற்றே சொல்லியிருந்தால் இரவே எல்லோரையும் உங்கள் பக்கம் கூட்டிவந்து தரையில் படுக்கவைத்திருப்பேன்!”

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு எளிய வழி. காது சுட்டது.

“மன்னியுங்கள்” என்றேன்.

“அது பிறகு. உன்னிடம் என்ன இல்லை என்று சொல்லிவிட்டாய். என்ன இருக்கிறது?”

நான் பண்டகசாலையின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே காயல் வெயிலில் தகதகத்தது. அதற்கு அப்பால், கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், வெலிங்டன் தீவு. காலையிலிருந்து ரோட்டையே நினைத்துக்கொண்டிருந்த என் தலைக்கு அப்போதுதான் உறைத்தது.

“தண்ணீர் இருக்கிறது” என்றேன்.

“படகு?”

படிக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றும் இரண்டு பெரிய வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. பின்னால் மோட்டார் பொருத்தியவை. “இரண்டு இருக்கின்றன. ஆனால் அனுமதி வாங்கவேண்டும். வாங்க முடியுமா என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கொடுங்கள். முடிந்தாலும் முடியாவிட்டாலும் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.”

“நான்கு மணிக்கு அங்கே நீர்மட்டம் எப்படி இருக்கும்?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அன்று நான் சொன்ன இரண்டாவது நல்ல பதில் அது.

வள்ளக்காரர் அந்தோணிச் சேட்டன் வள்ளத்தின் முன்முனையில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நீர்மட்டத்தைக் கேட்டேன். “நாலு மணிக்கு வேலியிறக்கம். தண்ணி கீழ போயிரும். மூணு படி பாசியோட வெளிய தெரியும்” என்றார். வருவீர்களா என்றதற்கு, “எனக்கென்ன பயம்? ராகவேட்டன் சரின்னா நானும் சரி. அவரு வேண்டாம்னா நாளைக்கு என் வள்ளத்துல ஒரு மூட்டை ஏறாது” என்றார். நியாயமான பேச்சு.

ராகவேட்டன் எங்கள் பஜாரின் சுமைத்தொழிலாளர் சங்கத்துக் கன்வீனர். படகுத்துறைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, எருமை மாதிரித் தோள். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தத் தைரியத்தில் போனேன். போய், தவறான இடத்தில் ஆரம்பித்தேன்.

“ராகவேட்டா, வெளிநாட்டுக்காரங்க வந்திருக்காங்க. நம்ம நாட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க? டூரிசத்துக்கு எவ்வளவு கெட்ட பேரு!”

அவர் முகம் இறுகியது. “டூரிசத்துக்கு நல்ல பேரு வாங்கவா மோளே நாங்க ரோட்டுல உக்காந்திருக்கோம்? ஹர்த்தால்னா ஹர்த்தால். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். போ, வீட்ல போய் இரி.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பி இரண்டடி நடந்தேன். கிர்ஸ்டிக்கு என்ன சொல்வது என்று நினைத்தபோது, அந்தக் கடிதத்தில் இருந்ததையே இவரிடம் சொன்னால் என்ன என்று தோன்றியது. மறுபடி அவர் முன்னால் போய் நின்றேன்.

“நாடு கிடக்கட்டும் சேட்டா. அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு ஒரு பக்கம் வாதம். சக்கர நாற்காலி. கல்யாணத்தை நடத்திவைக்கிறதே அவருதான். அவங்க ஊர்ல இப்ப மூணரைக்கே இருட்டிடும். அப்பாவுக்கு வெயில் காட்டணும்னு இங்க கல்யாணத்தை வெச்சிருக்கா. அவரு அந்தக் கரையில இருக்காரு. மாப்பிள்ளை இந்தக் கரையில இருக்காரு. நான் நேத்தே அவங்ககிட்ட உண்மையச் சொல்லாம விட்டதால இப்படி ஆச்சு. தப்பு என் பேர்ல.”

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அச்சன்தான் நடத்திவைக்கிறாரா? பாதிரி இல்லையா?”

“இல்ல. அப்பாதான்.”

“அப்ப அவரு வராம கல்யாணம் இல்ல.”

“இல்ல.”

“விவாகத்துக்கு விடறதா நாங்கதான் அறிவிச்சோம். அதை மறுக்க முடியாது.” பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். யாரும் மறுப்பு சொல்லவில்லை. “ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இங்க இருக்கறவனுங்களுக்கு நான் சொல்லலாம். கரை முழுக்க ஆளு நிக்கிறான். சாயிப்புக் கூட்டம் வள்ளத்துல போறதைப் பார்த்தா டூர்னுதான் நினைப்பான். கல்லு வந்தா நான் தடுக்க முடியாது. தூரத்துல இருந்து பார்த்தாலே கல்யாணம்னு தெரியணும். அப்படி வந்தா வரட்டும்.”

ஓடிவந்து கிர்ஸ்டிக்குப் போன் செய்தேன். வேஷம் வேண்டாம் என்று சொன்னவளிடம் இதை எப்படிக் கேட்பது? மறைக்காமல் அப்படியே சொன்னேன். வள்ளத்தில் குலைவாழை கட்டவேண்டும், நாதஸ்வரமும் தவிலும் வாசித்துக்கொண்டு வரவேண்டும், இங்கே கல்யாணம் என்றால் அதுதான் அடையாளம், அதைப் பார்த்தால்தான் விடுவார்கள். “இல்லையென்றால் ஆறு மணிக்குப் பிறகு, விளக்கு வெளிச்சத்தில். இரண்டு வழிதான். நீங்கள்தான் சொல்லவேண்டும்.”

அவள் சிரித்தது கேட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு. “துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல், தான் யார் என்று கொடி ஏற்றிச் சொல்லும். அதுபோலத்தானே? கட்டு, செல்வி. பெரிதாகவே கட்டு.”

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஹர்த்தால் என்றால் ஒன்றும் கிடைக்காது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று ஊரில் ஒருத்தருக்கும் வேலையில்லை. அதனால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், எல்லோரும் கிடைத்தார்கள்! எங்கள் தெருவுக்கு நடந்தே போனேன். மாரியம்மன் கோவிலில் நாதஸ்வரம் வாசிக்கும் சுப்பையா அண்ணன் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தவில்காரர் அடுத்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் எழுப்பினேன். கொல்லையில் குலை தள்ளிய வாழை நான்கை வெட்டச் சொன்னேன். கேட்ட வீடுகளில் ஒன்றுகூட மறுக்கவில்லை. வாழையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெருப் பெண்கள் தோரணத்துக்கு மாவிலையும் குருத்தோலையும் ஒடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வேறு வேலை இல்லாததால் வந்தார்கள்.

இரண்டேமுக்காலுக்கு முதல் வள்ளம் கிளம்பியது. முன்னால் இரண்டு வாழை, நடுவில் நாதஸ்வரமும் தவிலும், நான், அந்தோணிச் சேட்டன். பின்னாலேயே இரண்டாவது வள்ளத்தை அவர் தம்பி ஓட்டி வந்தார்.

தீவின் படகுத்துறையில் இருபத்தேழு பேரும் தயாராக நின்றார்கள். கிர்ஸ்டி முழங்கால்வரை உள்ள எளிய வெள்ளைக் கவுனில், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். இல்லை. நேரே வள்ளத்துக்குள் குதித்து, பலகையை மிதித்துப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள். “ஒரு வள்ளத்துக்குப் பதினாறு பேருக்கு மேல் கிடையாது. யாரும் நிற்கக்கூடாது” என்றாள். ஹோட்டலில் இருந்த மிதவை அங்கிகளையும் வளையங்களையும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். வயதானவர்களுக்கு முதலில் மாட்டினாள். மணமகளே ஆட்களை எண்ணி ஏற்றுவதை அந்தோணிச் சேட்டன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இவளுக்கு இதான் வேலையா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். எதுவும் சொல்லாமல் சுக்கான் பக்கம் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அந்தப் பக்கத் துறையில் சரிவுப் பலகை இருந்ததால் அப்பாவை நாற்காலியோடு உருட்டி ஏற்ற முடிந்தது. வள்ளம் நடுக்காயலுக்கு வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நரைத்த தலையில் வெயில் முழுசாக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார். சுக்கானைப் பிடித்திருந்த மகள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுப்பையா அண்ணன் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

மட்டாஞ்சேரிக் கரை நெருங்கியபோதுதான் ஆபத்து வந்தது. படகுத்துறைக்கு வடக்கே ஒரு கூட்டம். ராகவேட்டனின் ஆட்கள் இல்லை, வேறு ஆட்கள். வள்ளத்தில் வெள்ளைக்காரர்களைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து நின்று கத்தினார்கள். ஒருவன் குனிந்து எதையோ எடுத்தான்.

“அண்ணே, கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்தினேன்.

சுப்பையா அண்ணன் நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்து, “தாலி கட்டற நேரத்துக்குத்தான்மா கெட்டிமேளம். இப்ப எப்படி அடிக்கிறது? முறை இல்லையே” என்றார்.

“இப்ப அடிக்கலேன்னா கல்யாணமே இல்லண்ணே!”

தவில்காரர் முறையைப் பார்க்கவில்லை. வெளுத்து வாங்கினார். நாதஸ்வரம் மேலே ஏறியது. காயல் முழுக்க அந்தச் சத்தம் பரவியது. பின்னால் வந்த வள்ளத்திலிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. சந்தோஷமாகக் கை தட்டினார்கள். கிர்ஸ்டி ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயரத் தூக்கி அசைத்தாள்.

கரையில் குனிந்தவன் நிமிர்ந்தான். வாழைக்குலையைப் பார்த்தான், வெள்ளைக் கவுனைப் பார்த்தான். கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். அடுத்தவனும் அடித்தான். பிறகு கரை முழுக்க விசில்தான்.

பண்டகசாலையின் கல்படிக்கு வந்து சேர்ந்தோம். அந்தோணிச் சேட்டன் சொன்னபடியே நீர் இறங்கியிருந்தது. மூன்று படிகள் பச்சைப் பாசியோடு பளபளத்தன. நடக்கத் தெரிந்தவர்களே கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்கள். இதற்காகச் சமையல்காரர்கள் நாலு பேரை நிறுத்திவைத்திருந்தேன். அவர்கள் நாற்காலியைத் தொட்டுத் தூக்கிப் பார்த்ததுமே, இவர்களால் ஆகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் கால் வழுக்கியது. அப்பாவின் முகம் வெளுத்தது.

“வையி அங்க!”

முற்றத்தின் மேலிருந்து குரல் வந்தது. ராகவேட்டன். பின்னால் அவருடைய ஆட்கள் ஆறு பேர். உண்மையிலேயே கல்யாணம்தானா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே படியிறங்கி வந்தார்.

“இந்தப் படகுக்கடவுல எது இறங்கினாலும் நாங்கதான் இறக்கணும். அது எங்க அவகாசம், எங்க உரிமை. வேற எவனும் தொடக்கூடாது” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான்கு பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பாசிப்படியில் கால் வைக்கவே இல்லை. இடுப்பளவு நீரில் நின்று நாற்காலியைத் தோளுக்கு ஏற்றினார்கள். வாழ்நாளெல்லாம் மிளகு மூட்டை தூக்கிய தோள்கள். ராகவேட்டன் முன்னால் நின்று, சரக்கு இறக்கும்போது போடும் அதே குரலில் ஏலேலம் போட்டார். மேலே நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கிண்ணத்தில் இருந்த தண்ணீர் தளும்பாத மாதிரி அந்த மனிதர் முற்றத்தில் வந்து இறங்கினார். இறங்கியதும் நல்ல கையை நீட்டினார். ராகவேட்டன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பிடித்துக் குலுக்கினார்.

“சேட்டா, கூலி எவ்வளவுன்னு சொல்லுங்க” என்றேன், பழக்கதோஷத்தில்.

என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். “ஹர்த்தால் அன்னிக்குக் கூலி வாங்கினா அது வேலை செஞ்சதா ஆயிடும். நாங்க வேலை செய்யல. கல்யாணத்துக்கு வந்திருக்கோம். உக்கார இடம் எங்க?”

முன்வரிசையில் ஏழு நாற்காலி போட்டேன். சொட்டச் சொட்ட உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள். வள்ளத்திலிருந்து இறக்கிக் கட்டிய வாழைமரங்களுக்கு நடுவில் மார்ட்டின் நின்றார். கிர்ஸ்டி வெறுங்காலோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அப்பா தாளைப் பார்க்காமலே பேசினார். வாதத்தால் சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். இருவரும் உறுதி சொன்னார்கள். மோதிரம் மாற்றியபோது சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இந்தத் தடவை முறைப்படி, உரிய நேரத்தில், கெட்டிமேளம் முழங்கியது.

விருந்து தொடங்கியதும் நான் கிர்ஸ்டியிடம் போனேன். “நேற்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்றேன்.

“ஆமாம். சொல்லியிருக்க வேண்டும்” என்றாள்.

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்கிறேன். சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களில் மழை வந்தது, விமானம் தவறியது, பந்தல் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஜோடியிடம் போய்விடுவேன். உடைந்த குழாய் நம் கவலை. அதை நாமே தீர்ப்போம். ஆனால் அவர்களுடைய நாளே மாறப்போகிறது என்றால் முடிவு அவர்களுடையது. மேனேஜரிடமும் மறுநாள் இதைச் சொன்னேன். அவர், “நீ சொல்றது சரிதான். என் விதி கட்டடத்துக்கு. மனுஷங்களுக்கு இல்ல” என்றார். பெரிய மனிதர், ஒத்துக்கொண்டார். நீங்களும் தவறினால் ஒத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று எல்லாம் திரும்பிக் கிடைத்தது போனில் ‘தெரியும்’ என்று ஒத்துக்கொண்ட பிறகுதான்.

அவளிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு நான் சமையல் பக்கம் திரும்பினேன். கிர்ஸ்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். தவில்காரருக்கு மூடு வந்துவிட்டிருந்தது. மார்ட்டினின் நண்பர்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் கும்மி கொட்டிச் சுற்றி வந்தார்கள். ராகவேட்டன் உட்கார்ந்தபடியே தாளம் தட்டினார், ஒரு தட்டும் சரியாக விழவில்லை. அப்பாவின் நாற்காலியைச் சங்கத்து ஆள் ஒருவர் வட்டத்துக்கு நடுவில் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வேலை நேரத்தில் விருந்தாளிகளோடு ஆடியது அந்த ஒரு நாள்தான். செருப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஊர் முழுக்கக் கதவு சாத்திக் கிடந்தது. எங்கள் முற்றத்தில் மட்டும் காதைப் பிளக்கும் மேளம், கண் கூசும் வெயில்.

மணி ஐந்து. ஹர்த்தால் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.